மூன்று பொதுவான கேள்விகள்

கோர்ட்டில் அவளை எல்லோரும் அச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எழுதிய ஒரு நகலைக் கையில் வாங்கிய தலைமை எழுத்தர், "இது கையெழுத்தா, அச்சுல அடிச்சதா?" என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்று வாசல் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார்.

பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனது. சட்டத்தை அவள் படித்ததெல்லாம் நகல் எடுத்துத்தான். தீர்ப்புகளை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதி எழுதி, எந்த வாக்கியம் மேல்கோர்ட்டில் நிற்கும், எது காலை வாரிவிடும் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இளம் வக்கீல்கள் அவள் மேஜைப் பக்கம் வந்து, மனுவைத் தற்செயலாக வைப்பதுபோல் வைத்துவிட்டு நிற்பார்கள். அவள் படித்துப் பார்த்து, ஒரு வரியின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இந்தக் கையெழுத்தே அவளை இன்னொரு வேலைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் ஒருவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்து, அவர் சாவுக்கு இன்னொருவர் காரணம் என்ற சந்தேகமும் இருந்தால், மாஜிஸ்திரேட் நேரில் போய் மரண வாக்குமூலம் வாங்க வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்பார், சாகக் கிடக்கிறவர் சொல்வார், ஒருவர் எழுத வேண்டும். தடுமாறாமல், அடித்துத் திருத்தாமல், மெல்லப் பேசுவதைக் குனிந்து கேட்டு எழுத அச்சக்காவை விட்டால் ஆள் இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் நாற்பத்து மூன்று தடவை போயிருக்கிறாள். இந்தக் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கென்று ஒரு துணிப்பை வைத்திருந்தாள். மடியில் வைத்து எழுத ஒரு பலகை, இரண்டு பேனா, பெருவிரல் ரேகைக்கு மைப்பெட்டி, ஒரு டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணி. அந்த ஈரத்துணி எந்த விதியிலும் கிடையாது. ரேகை வாங்கியதும் பெருவிரலைத் துடைத்துவிடுவாள். கறுத்த விரலோடு ஒருத்தரை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வராது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சாகிறவர்கள் எழுத்தர் தலைப்பு எழுதி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரிலேயே, எல்லா வாக்குமூலத்துக்கும் பொதுவாக உள்ள முதல் பத்தியை எழுதி முடித்துவிடுவாள். தேதி, இடம், மாஜிஸ்திரேட்டின் பெயர், கடைசியில் இந்த வாக்கியம்: 'சில பொதுவான கேள்விகள் கேட்டு, அவர் தெளிந்த நினைவோடு இருப்பதை அறிந்துகொண்டேன்.' போய்ப் பார்த்து, நினைவு தெளிவாக இல்லையென்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். அப்படி ஏழு தடவை கிழித்திருக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பழைய எழுத்தரும் அப்படித்தான் செய்தார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

நாற்பத்து மூன்றாவது ஆள் இருபத்தாறு வயதுப் பெண். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டை மாடியிலிருந்து விழுந்தவள். துணி எடுக்கப் போனாள், கால் வழுக்கிவிட்டது என்றான் புருஷன். பார்த்தவர்கள் யாரும் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட்டும் அச்சக்காவும் போனபோது, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியைச் சுற்றிக் கட்டு. உடம்புக்குள்ளே ரத்தம் கசிகிறது, சாயங்காலம் வரை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் வராந்தாவிலேயே சொல்லிவிட்டார்.

அச்சக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெண் கண்ணைத் திறந்து, "கொஞ்சம் நகர்ந்து உக்காருங்கக்கா" என்றாள். காற்றை மறைக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்து முக்காலியை நகர்த்திக்கொண்டாள்.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். அவசரப்படமாட்டார். குனிந்து கேட்டார்.

"உன் பேர் என்னம்மா?"

சொன்னாள்.

"இப்ப எங்க இருக்கே?"

"ஆஸ்பத்திரி. ஜன்னலே இல்லாத ரூமு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"அம்மா வர்ற நாளு" என்றாள்.

மாஜிஸ்திரேட் அச்சக்காவைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நினைவு தெளிவாத்தான் இருக்கு" என்றார். காரில் எழுதிய பத்தி அப்படியே நின்றது. அதற்குக் கீழே பெண் சொன்னதை அச்சக்கா எழுதினாள். 'மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பையை எதற்குக் கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். போகிறேன் என்றேன். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துத் தள்ளிவிட்டார்.' படித்துக் காட்டினாள். பெண் ஆமாம் என்றாள். ரேகை வாங்கினார்கள். விரலைத் துடைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் இறந்துபோனாள்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் மாஜிஸ்திரேட் ஓய்வு பெற்று, ஆறே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த ஒரு தாளைத் தவிர அரசுத் தரப்பில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல அச்சக்காவைத் தவிர ஆள் இல்லை. டாக்டர் வந்து, தாளின் அடியில் உள்ள கையொப்பம் என்னுடையதுதான், மற்றது நினைவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷம் சாட்சிக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவள், இப்போது பதினொன்றாம் சாட்சி.

இறந்தவளின் அம்மா நூல் மில்லில் வேலை செய்தாள். கோர்ட்டில் அவளுக்கு மில்லம்மா என்று பெயராகிவிட்டது. தன் சாட்சியத்தை முதல் நாளே சொல்லி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, வராந்தாவில் அச்சக்காவின் அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். கை சும்மா இருக்காது. அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற வேலை அவளுடையது. பையிலிருந்து இரண்டு நூல் துண்டுகளை எடுத்து, பார்க்காமலே முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி அறுப்பாள்.

மூன்றாவது வாய்தா அன்று அறை வாசலில் வந்து நின்றாள்.

"எழுதினது நீங்கதானாமே?"

"ஆமாம்மா."

"அந்தத் தாளை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. அதுல அவன் தள்ளினது மட்டும்தான் இருக்கு. வேற ஏதாச்சும் சொன்னாளா? என்னைக் கேட்டாளா?"

அச்சக்கா பேனாவை மூடினாள். பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்தது. ஆனால் ஒரு சாட்சி இன்னொரு சாட்சியோடு வழக்கைப் பேசினால், அதற்குப் பிறகு இருவர் சொல்வதும் செல்லாக்காசு. அதை அவளே எத்தனையோ தீர்ப்பில் நகல் எடுத்திருக்கிறாள்.

"நான் இன்னும் சாட்சி சொல்லலைம்மா. நாம ரெண்டு பேரும் இதைப் பேசிக்கக் கூடாது."

"பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க."

அச்சக்கா அசையாமல் இருந்தாள். கழுத்து வலிக்கிற அளவுக்கு அசையாமல் இருந்தாள்.

"சரி விடுங்க" என்றாள் மில்லம்மா. "உங்களுக்கும் ஒரு வேலை, ஒரு சட்டம். மில்லுல எங்க மேஸ்திரியும் இப்படித்தான், கண்ணுல தண்ணி வந்தாலும் விதியைத்தான் பாப்பார்." போகிற போக்கில் நின்று, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு வியாழக்கிழமைதான் லீவு. வியாழன் தவறாம போய்ப் பாப்பேன். அவ கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு வியாழன் விட்டதில்லை."

அவள் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்த பிறகும் அச்சக்கா மூடிய பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். வியாழனா? அலமாரியைத் திறந்து கோப்பின் நகலை எடுத்தாள். தேதிக்குப் பக்கத்தில் அவள் கையால், அச்சு அச்சாக எழுதியிருந்தது: புதன்கிழமை.

கிழமையின் மேல் விரலை வைத்து மறுபடி படித்தாள். அந்தப் பெண் கிழமையைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா வருகிற நாள் வியாழன். அன்றைக்கு அது இல்லை. தெளிந்த நினைவு என்று மாஜிஸ்திரேட் சிரித்தது ஒரு தப்பான பதிலைப் பார்த்து. மூன்று கேள்வியில் ஒன்று தப்பு, தலையில் அடி, அறையில் ஜன்னல் இல்லை. எதிர்த்தரப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டு கையாலும் தள்ளிவிட்டார் என்று அந்தப் பெண் சொன்னது நிஜம் என்பதில் அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. சொன்னபோது அவள் தன் கையை ஒரு விரற்கடை உயர்த்தி, எங்கே வைத்துத் தள்ளினான் என்று காட்டப் பார்த்தாள். முடியவில்லை. அதையும் அச்சக்கா எழுதவில்லை. எழுதுகிற வழக்கம் இல்லை.

அரசு வக்கீலிடம் போய்ச் சொன்னாள். மேஜை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கெட் வைத்திருக்கிற மனிதர் அவர். வாயில் வைத்ததை மெல்லாமல் அப்படியே கேட்டார்.

"இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை சார்."

"நான் உங்களைக் கேக்கப் போறதில்லை. அந்தப் பக்கம் கேட்டா, பொதுவான கேள்விகள், இப்ப ஞாபகமில்லைன்னுடுங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. யாரு உள்ள எட்டிப் பாக்க முடியும்?"

"மில்லம்மாவை ஒரு வார்த்தை கேட்டா என்ன சார்? அந்த வாரம் ஏதாவது..."

"கேட்டா, நாம சொல்லிக் கொடுத்ததா ஆயிடும். எதிர்ல நிக்கறது சர்க்கரை வக்கீல். முகர்ந்தே கண்டுபிடிச்சுடுவார்." பிஸ்கெட்டை விழுங்கினார். "அக்கா, நீங்க ஞாபகமில்லைன்னு சொன்னா அவன் உள்ள போவான். ஞாபகமிருக்குன்னா வீட்டுக்குப் போவான். நான் பொய் சொல்லச் சொல்லலை. மறந்துபோகச் சொல்றேன்."

"இருபத்தொம்பது வருஷமா 'ஞாபகமில்லை'ன்னு எழுதிக்கிட்டே இருக்கேன் சார். சொல்றவங்க கையையும் பாத்திருக்கேன். சொல்லி முடிச்சதும் கூண்டுக் கம்பியைத் தேடிப் பிடிப்பாங்க."

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் கடை. சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்து பழைய கால்சட்டையின் தையலைப் பிரித்துக்கொடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா நீ பொய் சொன்னா உன் காது செவந்துடும். துணி நாளைக்கு ரெடின்னு நான் உன்னைச் சொல்லச் சொல்றப்பெல்லாம் பாத்திருக்கேன். வர்றவங்க உன் மூஞ்சியைப் பாக்கறதில்லை, காதைத்தான் பாக்கறாங்க."

"காதை மூடிக்கிட்டுப் போறேன்."

"போ. கோர்ட்டுல இதுவரைக்கும் யாரும் தொப்பி போட்டுக்கிட்டு சாட்சி சொன்னதில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. "அந்தம்மா கேக்கறது ஒரே ஒரு வார்த்தைங்க. அது என்கிட்ட இருக்கு. கொடுக்கவும் முடியலை, வெச்சுக்கவும் முடியலை" என்றாள். அவர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த கால்சட்டையை வாங்கிக்கொண்டார். தையலோடு துணியையும் சேர்த்துக் கிழித்திருந்தாள்.

பதினொன்றாம் சாட்சியைக் கூப்பிட்ட அன்று மில்லம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன்காரன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். அரசு வக்கீல் சுருக்கமாக முடித்துக்கொண்டார். இது உங்கள் கையெழுத்துதானே, மாஜிஸ்திரேட் முன்னிலையில் எழுதியதுதானே, படித்துக் காட்டினீர்கள் அல்லவா. ஆமாம், ஆமாம், ஆமாம்.

சர்க்கரை வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தியே பேசமாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். சாட்சிகள் அவரோடு பேசிவிட்டு வெளியே வந்த பிறகுதான் தங்களுக்கு என்ன ஆனது என்று உணர்வார்கள்.

"அம்மா, உங்க கையெழுத்தைப் பாத்து நான் பொறாமைப்பட்டிருக்கேன். இந்தக் கோர்ட்டுல பொறாமைப்படாதவங்க யாரு? இந்தத் தாளைப் பாருங்க. கீழ்ப் பாதி உங்க கையெழுத்து, அச்சு. மேல் பத்தி மட்டும் கோடு லேசா நடுங்குதே, ஏன்?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. அந்தச் சாலையில் எங்கெங்கே பள்ளம் என்று அவளுக்குத் தெரியும்.

"கார்ல எழுதினது" என்றாள்.

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"கார்ல. அதாவது, அந்தப் பெண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடியே. 'தெளிந்த நினைவோடு இருப்பதை அறிந்துகொண்டேன்'னு, ஆளைப் பாக்காமலே எழுதிட்டீங்க."

"ஆமா. அது எங்க வழக்கம். நினைவு சரியில்லைன்னா தாளைக் கிழிச்சுடுவோம்."

"நல்ல வழக்கம். சரி, போனப்புறம் ஏதாவது கேட்டீங்களா, அதுவும் கார்லயே முடிஞ்சுதா?"

"மூணு கேள்வி கேட்டார்."

"என்ன கேள்வின்னு இந்தத் தாள்ல இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இல்லைன்னா பரவாயில்லை. எத்தனையோ பேருகிட்ட எழுதியிருப்பீங்க."

வழி திறந்தே இருந்தது. அவரே திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று வழி காட்டினார். அச்சக்கா தன் கை கூண்டுக் கம்பியைத் தேடிப் போவதைப் பார்த்தாள். அதை எடுத்து மறு கையோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஞாபகம் இருக்கு. பேர் கேட்டார், சரியாச் சொன்னா. எங்க இருக்கேன்னார், ஆஸ்பத்திரி, ஜன்னல் இல்லாத ரூமுன்னா. என்ன கிழமைன்னார்."

"என்ன சொன்னாங்க?"

"'அம்மா வர்ற நாளு'ன்னு சொன்னா."

கடைசி வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அச்சக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நிற்க முடியாது என்று தெரியும்.

சர்க்கரை வக்கீல் கோப்பைப் புரட்டி, மில்லம்மாவின் சாட்சியத்தை எடுத்து, முன்னைவிட இன்னும் மெதுவாகப் படித்தார். "'வியாழக்கிழமைதோறும் மகளைப் போய்ப் பார்ப்பேன்.' வாக்குமூலம் வாங்கினது புதன். அப்போ அந்தப் பெண்ணுக்கு அன்னிக்கு என்ன கிழமைன்னே தெரியலை. தலையில் அடிபட்ட ஒருத்தருக்குக் கிழமை மாறிப்போனா, தள்ளினதும் வழுக்கினதும் மாறிப்போகாதா? இதுக்கு மேல நான் கேக்க ஒண்ணும் இல்லை."

"அவ தப்பாச் சொல்லலை!"

மில்லம்மா எழுந்து நின்றிருந்தாள். ஊழியர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவள் உட்காரவில்லை.

"ஐயா, அவ தப்பாச் சொல்லலை. அந்த வாரம் நான் புதன்கிழமை வர்றேன்னுதான் சொல்லியிருந்தேன். நான்தான் போகலை. நான்தான் போகலைங்க."

நீதிபதி அவளை அடக்கினார். பார்வையாளர் இடத்திலிருந்து சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். அவளை மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிக்க அரசு வக்கீல் அனுமதி கேட்டார். சர்க்கரை வக்கீல் எதிர்த்தார். நீதிபதி அனுமதித்தார்.

இரண்டு வாரம் கழித்து மில்லம்மா கூண்டில் ஏறிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மகள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மில் ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். புதன்கிழமை அவர் வேலையாக வெளியூர் போகிறார், அன்றைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு, பையைக் கட்டி வைக்கிறேன் என்றாள். வருகிறேன் என்று அம்மா சொன்னாள். திங்கட்கிழமை மேஸ்திரியிடம் லீவு கேட்டாள். ஆள் இல்லை, வழக்கம்போல வியாழக்கிழமை போ என்றுவிட்டார். மகளுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. மருமகன் போனைத் தவிர வேறு நம்பர் அவளிடம் இல்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மிஷின் முன்னால் நின்று நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் விழுந்ததை அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"இதை ஏன் போலீசில் சொல்லவில்லை?" என்று சர்க்கரை வக்கீல் கேட்டார்.

"சொன்னா அது நிஜமாயிடுமேன்னு சொல்லலைங்க" என்றாள்.

இவள் இப்போது கட்டிய கதை என்றார் வக்கீல். அச்சக்கா வாயிலிருந்து கேட்ட பிறகு கட்டியது என்றார். அரசு வக்கீல் மில்லிலிருந்து வரவழைத்த லீவுப் பதிவேட்டை மேஜையில் வைத்தார். எண்ணிட்ட பக்கங்கள். பெண் மாடியிலிருந்து விழுவதற்கு முந்தைய நாளின் வரியில் எழுதியிருந்தது: 'புதன் ஒரு நாள். மகளை அழைத்து வர.' எதிரே மேஸ்திரியின் சிவப்பு மையில்: 'ஆள் இல்லை. வியாழன் போகவும்.' கூண்டில் ஏறிய மேஸ்திரி தன் எழுத்துதான் என்று ஒப்புக்கொண்டு, இறங்கும்போது படியைத் தவறவிட்டார்.

தீர்ப்பில் அந்த வாக்குமூலம் நின்றது. முன்கூட்டியே எழுதிய வாக்கியத்தை நீதிபதி நாலு வரியில் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தையும் அச்சக்காதான் நகல் எடுத்தாள். ஒரு எழுத்தும் நடுங்காமல் எடுத்தாள். வாக்குமூலம் அளித்தவர் மூன்றாம் கேள்விக்குச் சொன்ன பதில், அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்திராத, பிறகு பதிவேட்டால் உறுதியான ஒன்று, ஆகவே அவர் நினைவு தெளிவாகவே இருந்தது என்று எழுதியிருந்தார். புருஷன்காரனுக்கு ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகு அச்சக்கா காரில் பேனாவைத் திறந்ததில்லை. நாற்பத்து நாலாவது ஆளிலிருந்து, மாஜிஸ்திரேட் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும், சாகிறவர் சொல்கிற ஒவ்வொரு பதிலையும், அது எவ்வளவு சம்பந்தமில்லாததாக இருந்தாலும் எழுதினாள். ஒருவர் வீட்டு நாய்க்குச் சோறு வைத்தார்களா என்று கேட்டதைக்கூட எழுதினாள். புது மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் தீர்ப்பு நாளன்று எல்லோரும் கலைந்துபோன பிறகு, வராந்தா பெஞ்சில் மில்லம்மா இன்னும் உட்கார்ந்திருந்தாள். அச்சக்கா அறையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது பேசிக்கொள்ளலாம். தடுக்க ஒரு சட்டமும் இல்லை. மில்லம்மாவின் கையில் நூல் இல்லை. விரல்கள் மட்டும் வெறும் காற்றில் முடிச்சுப் போட்டன.

"ரெண்டு வருஷமா இதைத்தானே கேட்டேன்" என்றாள். "கேட்டாளான்னு. கேட்டிருக்கக் கூடாதுன்னு ஒரு மனசு. கேட்டிருக்கணும்னு ஒரு மனசு. நான் வரமாட்டேன்னு தெரிஞ்சு போயிருந்தா பரவாயில்லை. வருவேன்னு நினைச்சுக்கிட்டே..."

அச்சக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"எப்படிச் சொன்னா அக்கா? கோவமாவா? அழுதுக்கிட்டா?"

கோர்ட்டில் யாரும் கேட்காத கேள்வி. எந்தத் தாளிலும் எழுதாதது. அச்சக்கா இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த அறையை முழுதாக ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். கட்டில், கட்டிலுக்கு எதிரே கதவு, நடுவில் தன் முக்காலி. கதவு எங்கே இருந்தது என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. இப்போதுதான் அது பிடிபட்டது. அவள் நகரச் சொன்னது காற்றுக்காக இல்லை.

"கோவமும் இல்லை, அழுகையும் இல்லைம்மா. சாதாரணமாச் சொன்னா. நான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல உக்காந்திருந்தேன். கொஞ்சம் நகர்ந்து உக்காருங்கக்கான்னா. எனக்கு அப்ப ஏன்னு புரியலை. கதவைப் பாத்துக்கிட்டேதான் எல்லாத்தையும் சொன்னா."

மில்லம்மா வராந்தாவின் கோடியில் வெயில் விழுந்துகொண்டிருந்த வாசலையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நகர்ந்தீங்களா?"

"நகர்ந்தேன்மா" என்றாள் அச்சக்கா. "கதவு நல்லாத் தெரியற மாதிரி நகர்ந்தேன்."